வேர்க்காத உடம்பு

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன், இங்கே சுகமா என்றால் படித்து முடித்து நீயே சொல். அன்றைக்கு நம் சலவைக் கடையில் இருந்தவர்கள் நான், உன் அண்ணன், உன் அண்ணி, அவள் பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் நெட்டைக்காரி, விரிப்பு எடுக்க வந்த ஓட்டல் வண்டி டிரைவர், இவ்வளவு பேர்தான். அண்ணிக்கு லேசான மயக்கம் என்று உன் அண்ணன் போனில் சொன்னானாமே, அது பச்சைப் பொய்.

இந்த வருஷப் புழுக்கத்தை என்னவென்று எழுதுவது, அழுக்குத் துணியை வெந்நீரில் நனைத்து முகத்தில் போட்டு மூடின மாதிரி இருக்கிறது. குளித்துத் துடைப்பதற்குள் மறுபடி பிசுபிசுவென்று ஒட்டுகிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, பீரோவில் இருக்கும் சேலையெல்லாம் பூஞ்சை பிடித்து நாறுகிறது, கழுத்து மடிப்பில் வேர்க்குரு சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது, என் மேல் வரும் வாடை எனக்கே குமட்டுகிறது. கடைக்குள் போனால் இத்தனைக்கும் மேல் நீராவி, சுவரெல்லாம் வழிகிறது. இதில் உன் அண்ணன் தெருத் தூசி வெள்ளை விரிப்பில் படிகிறது என்று ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தான், துணி பறக்கிறது என்று ஃபேனையும் நிறுத்தினான். மனுஷர் இருக்கிற இடமா வேக வைக்கிற பானையா என்று அன்று காலையிலேயே கேட்டேன். நீ சும்மா இரும்மா, இன்னும் நூறு விரிப்பு கிடக்கு என்றான்.

மதியம் சாப்பாடு கொண்டு போனேன். உன் அண்ணி மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா செய்கிறாய் என்றால், என்னை வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுகிறவள், டீச்சர், மணி அடிச்சாச்சா என்று கேட்டாள். நெட்டைக்காரி சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உன் அண்ணி கையைத் தொட்டேன், கொதித்தது, ஆனால் துளி ஈரம் இல்லை. எங்களுக்கெல்லாம் தாடையிலிருந்து சொட்டுகிறது, அவள் ஒருத்தி மட்டும் காய்ந்த காகிதம் மாதிரி நிற்கிறாள். உன் அண்ணன் வந்து அவளை மேலும் கீழும் பார்த்தான். டிரைவர் நிற்கிறான் என்றும் பாராமல் சொன்னான்.

“எல்லாருக்கும் ஊத்துது, இவளுக்கு ஒரு சொட்டு வேர்க்கல. வேலை செஞ்சாத்தானே வேர்க்கும்.”

அவன் வாய் மூடுவதற்குள் அவள் மேசைக்கு அடியில் சரிந்தாள், கை கால் வெட்டி இழுத்தது. அவளோடு ஒரு விரிப்பும் சரிந்தது. அவன் முதலில் குனிந்து எடுத்தது அந்த விரிப்பை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

டிரைவர்தான் அவளை அள்ளிக்கொண்டு ஓடிக் குழாயடியில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினான், ஈர விரிப்பில் சுற்றி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ஏழு வருஷத்துக்கு முன்னால் என்னைக் குண்டுக் கிழவி என்றவன் அவன், அந்தக் கோபத்தை அன்றோடு விட்டுவிட்டேன். சூடு தலைக்கேறி உடம்பு வேர்க்கவே மறந்துவிட்டது, இன்னும் அரை மணி போயிருந்தால் பிணமாகத்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். வேர்க்காததுதான் நோயே, அதைத்தான் உன் அண்ணன் சோம்பேறித்தனம் என்றான். ஆறு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது, பேச்சில் பாதி வார்த்தை வர மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை கடைக்கு அனுப்பு என்று வந்து நிற்கிறான். நான் இருக்கும்வரை அவள் அந்தப் படி ஏற மாட்டாள்.

உன்னிடம் அழுவான், அண்ணன் பாவம், நீதான் விட்டுக்கொடு என்று எனக்கு எழுதாதே. போன் செய்தால் அண்ணியிடம் கொடுக்கச் சொல், அவள் திக்கினாலும் காத்திருந்து கேள். பிள்ளைகளுக்கு அடிக்கடி தண்ணீர் கொடு. நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். நெட்டைக்காரி சிரித்ததைக் கூட மன்னித்துவிட்டேன். என்னால் மன்னிக்க முடியாத ஒரே ஒருவன், நான் பத்து மாதம் சுமந்தவன், உன் அண்ணன்.

இப்படிக்கு,
அம்மா