பாலத்தில் நான் மறித்த ரதிக்கு

என் தங்கை கழுத்தில் தாலி கட்டியவனே, மாசி மாதம் மட்டும் எனக்கு ரதியாக வந்தவனே, மச்சான் மருதமுத்து,

நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. இன்று ஞாயிறு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லை. லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, என் மகளின் கொப்பியில் தாள் கிழித்து இதை எழுதுகிறேன். அவள் பார்த்தால் சண்டைக்கு வருவாள். உன் தோளில் ஏறி வளர்ந்த பிள்ளையாயிற்றே, வாய் அப்படித்தான் இருக்கும்.

வலது கையில் காப்பு கட்டியிருக்கிறது. மஞ்சள் முடிந்த அதே நூல்தான். பதினாறு நாள் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றி ஒன்பது நாள். இந்த வருஷமும் நான்தான் காமன். நரைத்த காமன் என்று இளவட்டங்கள் கேலி பண்ணுகிறார்கள். உன் இடத்தில் மேட்டு லயத்துப் பையன் ரதி வேஷம் கட்டுகிறான். ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது, அழத்தான் தெரியவில்லை. சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து காமன் எரிந்ததும் நீ வாசல் வாசலாக நின்று மாரடித்து அழுவாயே, பெண்கள் தாலியைத் தொட்டுக் கும்பிடுவார்களே, அது இவனுக்கு எந்தக் காலத்திலும் வராது.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய் தங்கை பாக்கியத்துக்கு நுவரெலியா அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. உன் பிரஜாவுரிமை அப்பீல். ஒன்பது வருஷம் எங்கேயோ மக்கிக் கிடந்துவிட்டு, நீ செத்த பிறகு எழுந்து வந்திருக்கிறது. நாளை விசாரணை. உன் மனைவி வரலாமாம். அன்றைக்கு விசாரணைக்கு நீ ஏன் வரவில்லை என்று நேரில் அறிந்த சாட்சி ஒருவரும் வர வேண்டுமாம். இதுவும் தள்ளுபடியானால் பாக்கியமும் உன் பிள்ளைகள் இரண்டும் கப்பலேற வேண்டியதுதான் என்கிறார் பள்ளிக்கூட வாத்தியார். இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சாட்சி யார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நாளைக்கு நாக்குத் தடுமாறக் கூடாது. அதனால் நடந்ததை ஒரு தடவை முழுதாக எழுதிப் பார்க்கிறேன். நீ பக்கத்தில் இருந்து திருத்து.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம். பிறந்தது இந்தத் தோட்டம், நிமிர்ந்தது இந்தத் தோட்டம், இருந்தும் இந்த நாட்டுக்காரன்தான் என்று கெஞ்சி எழுத வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து வாத்தியார் பள்ளிக்கூட மேசையில் வைத்து இரண்டு மனுக்களையும் நிரப்பினார். ஹட்டனுக்குப் போய்ப் படம் பிடித்து ஒட்டினோம். எனக்கு ஆவணியில் விசாரணை வந்தது. போனேன், கேட்டார்கள், சொன்னேன், கிடைத்தது. உனக்கு மாசியில் வந்தது, கம்பம் ஊன்றிப் பத்தாம் நாள்.

காப்புக் கட்டியவன் காமன் எரியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கீழே ஆறு, மேலே மானாப் புல் மலை. ரதி தாண்டினால் காமன் வீட்டில் சாவு விழும் என்பார்கள் நம் ஆட்கள். என் மனைவி காத்தாயி அப்போது எட்டு மாதக் கர்ப்பம். முந்தின இரண்டும் தங்கவில்லை.

அன்று காலை நீ வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் போட்டு, கக்கத்தில் பிஸ்கட் டின்னோடு வந்தாய். காகிதமெல்லாம் அதற்குள். ரதி வேஷத்துக்கு மீசையை மழித்திருந்ததால் கோட்டுக்குள் யாரோ புது ஆள் மாதிரி இருந்தாய். நான் ஆற்றுப் பாலத்தில் குறுக்கே நின்றேன்.

"வழிய விடு மச்சான். ரயிலப் புடிக்கணும்."

"காப்போட பாலத்தத் தாண்டிருவியா?"

"பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். கூத்து மாஸ்டருகிட்டயும் சொல்லிட்டேன். திட்டுறாரு, திட்டட்டும்."

"காத்தாயிக்கு ஏதாச்சும் ஆனா நீ பதில் சொல்லுவியா? மூணாவதையும் குழியில வைக்கச் சொல்றியா என்னைய?"

நீ டின்னை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினாய். றொசல்ல ஸ்டேஷனில் ரயில் கூவியது. அது புறப்பட்டுப் போகும் சத்தம் அடங்கும்வரை இருவரும் பாலத்திலேயே நின்றோம்.

"பொண்டாட்டி வேஷம் கட்டுன பாவத்துக்கு நெசமாவே ஒம் பேச்சக் கேட்டுட்டேன்டா" என்று சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தாய். மேலே தேயிலைக் கொழுந்து மலையில் பாக்கியம் நின்றிருந்தாள். நீ திரும்புவதை அவள் பார்த்தாள். கை மட்டும் நிற்காமல் பறித்துக்கொண்டே இருந்தது.

பதினைந்தாம் நாள் என் மகள் பிறந்தாள். ரதி என்றுதான் பேர் வைத்தோம். அடுத்த மாதம் உன் மனு தள்ளுபடியாகி வந்தது. நீ வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காரணம் சொன்னாய். சாமி எல்லை என்றாயாம், கீழே ஆறு, மேலே மானாப் புல் மலை என்றாயாம். மொழிபெயர்க்க வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். பதினாறு நாள்கூட இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க மாட்டேன் என்று இருந்தவனை, இந்த நாட்டில் நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லாதவன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதன் மேல்தான் வாத்தியாரை எழுத வைத்து நீ அப்பீல் போட்டாய்.

இதுவரை எழுதியது உனக்கும் தெரிந்தது. இனி எழுதுவது உனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காப்புக் கட்டியாயிற்றே, தேதியை மாற்றிக் கேட்கலாமா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து காத்தாயி எழுந்து வந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் யோசிச்சீங்க."

"அன்னைக்கு ஒனக்காகத்தானே நிறுத்துனேன்."

"எனக்காகவா? அண்ணன் போயிட்டு வரட்டும்னு மொத நாளே ஒங்ககிட்டச் சொன்னேனா இல்லையா? எனக்குப் பயமில்லன்னு சொன்னேனா இல்லையா? ஒங்க வேஷம் நின்னு போயிரும்னு மறிச்சீங்க. எம் வயித்தச் சாக்குச் சொன்னீங்க."

மச்சான், அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

மூன்று வருஷம் காத்திருந்து அந்த வருஷம்தான் எனக்குக் காமன் வேஷம் கிடைத்தது. திம்புள்ள பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தார்கள். ரதி எல்லை தாண்டினால் கூத்து நின்றுவிடும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஜரிகைக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நிற்க வேண்டும், ஊரே பார்க்க வேண்டும். அதற்குத்தான் உன்னை மறித்தேன். காத்தாயிக்காக என்று நானே நம்பிக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் திணறியபோதுகூட, "ஒம் மகள நல்லாப் பாத்துக்க, அவளுக்காகத்தான் அன்னைக்குத் திரும்புனேன்" என்றாயே, அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை கம்பத்தடியில் எல்லாரையும் வைத்துச் சொன்னேன், திங்கட்கிழமை நான் நுவரெலியா போகிறேன் என்று. மாஸ்டர் சங்கிலிக்கு முகம் கறுத்துவிட்டது.

"காமனே தாண்டுறேங்கிறான். என் காலத்துல இப்படிக் கேட்டதில்ல. நீ பாலத்துல கால வச்ச நிமிஷம் கம்பத்தப் புடுங்கிருவேன்."

"புடுங்குங்க மாஸ்டர். அன்னைக்கே புடுங்கியிருக்கணும்" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. நேற்று பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன காத்தாயிக்கு ஒருத்தியும் வழி விடவில்லை. ரதி வேஷக்காரப் பையனின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, தன் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று அழுதாள். அவளுக்கு என்ன சொல்வது? எனக்கே பயம் இல்லாமல் இல்லை. என் ரதிக்கு இன்று காலையிலிருந்து இருமல். இருமல் கேட்கும்போதெல்லாம் கை தானாகக் காப்பைத் தடவுகிறது. காப்பை அவிழ்த்துவிட்டுப் போகலாமா என்று வாத்தியாரைக் கேட்டேன்.

"விசர்க் கதை கதையாதையும். அது கையிலையே இருக்கட்டும்" என்று பைத்தியக்காரனை அதட்டுவதுபோல் அதட்டினார். "கச்சேரியிலை அவை கேட்டா, கையை நீட்டிக் காட்டும்."

பாக்கியம் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலத்தில் அன்று என்ன பேசினோம் என்று உன்னிடமும் அவள் கேட்டதில்லையாமே. கொஞ்சம் முன்பு வந்து அந்தப் பிஸ்கட் டின்னை என் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்கு நீங்களே தூக்கிட்டு வாங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. உனக்கும் தெரிந்திருந்ததா மச்சான்? தெரிந்தேதான் திரும்பினாயா?

உன் முகம் எங்களிடம் இல்லை. வீட்டில் மாட்ட ஒரு படம் கிடையாது. ஹட்டனில் எடுத்து மனுவில் ஒட்டிய அந்த ஒன்றுதான், அது கச்சேரி பைலுக்குள் கிடக்கிறது. நாளை அந்தப் பைலைத் திறப்பார்கள். மீசையோடு இருப்பாய்.

எரிந்து போன எனக்காக வருஷா வருஷம் சிவனிடம் போய் நின்று கேட்டவன் நீ. நாளைக்கு உனக்காக நான் போய் நிற்கிறேன். பாலத்தைத் தாண்டுவேன். மாஸ்டர் கம்பத்தைப் பிடுங்கினாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். சாமி கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும், பிள்ளைகளை விட்டுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தாண்டுவேன். அவன் வரத்தான் புறப்பட்டான், வேஷ ஆசையில் நான்தான் மறித்தேன் என்று பாக்கியம் காது கேட்க, உன் படத்துக்கு முன்னால் சொல்வேன். மொழிபெயர்க்கிறவர் சிரித்தால், அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடியும் சொல்வேன்.

இது சத்தியம்.

பாக்கியத்தின் அண்ணன்,
நீ அழுது எழுப்பிய காமன்,
உன் மச்சான் ராமையா