இடது குமிழ் மூன்று கிளிக் கூடுதல்

அன்புள்ள மச்சான்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத முதல் கடிதம் இது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போய் நாற்பத்தைந்து நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. பந்தலுக்குச் சொன்னேன், வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன், காரியம் முடிந்த மறுநாளே முதுநகர் ஐஸ் பேக்டரிக்கு ஷிப்ட் போனேன். கூடப் படித்தவன், தங்கையைக் கட்டியவன் போய்விட்டான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தாலும் ஒன்றும் அசையவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது.

காரியத்தன்று கலா உன் பாட்டு செட்டிலிருந்த பெட்டியைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தாள். "நீதான் அண்ணே இத ஆசையா கேப்ப. எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை அதை மடியில் வைத்தபடியே வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டி ரோடு வேலை நடக்கிற இடத்தில் பஸ் இரண்டு முறை தூக்கிப் போட்டது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

வீட்டில் என் பெண்டாட்டி, உன் தங்கச்சி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிளக்கு எங்கங்க? அங்கியே உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீஆம்ப், அதுவும் கரண்டே வேண்டாதது என்றால் யார் நம்புவார்கள்? உள்ளே ஆட்டோஃபார்மர் என்று இரண்டு கம்பிச் சுருள், முன்னால் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என இரண்டு குமிழ். அவ்வளவுதான் பெட்டி. சாதாரண வால்யூம் சத்தத்தை வழியிலேயே தேய்த்துவிடும், இது சைக்கிள் கியர் மாதிரி மாற்றிக் கொடுக்கும் என்று நீ எத்தனையோ தடவை விளக்கினாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் உன் வீட்டில் மட்டும் பாடுகிறவள் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் நின்று பாடுவாள். என் வீட்டு செட்டில் எப்போதும் வலது பக்கம் ஒதுங்கியே நிற்பாள். எல்லாம் அந்தப் பெட்டியின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ ஒரு நாளாவது மறுத்தாயா?

பெட்டியை என் செட்டில் மாட்டினேன். நீ சொல்லிக் கொடுத்தபடி இரண்டு குமிழையும் பன்னிரண்டில் வைத்தேன். பாட்டு வலது பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

நாற்காலியை நகர்த்தினேன். ஸ்பீக்கரை நகர்த்தினேன். ஒயரை இடவலம் மாற்றிப் போட்டேன், அப்போதும் வலதுதான். அதிலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பஸ் தூக்கிப் போட்டதில் சுருள் இரண்டும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். நீ விட்டுப்போனது அது ஒன்றுதான், அதையும் என் மடியில் வைத்தே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீ செத்ததற்குக்கூட எனக்கு அப்படி ஆகவில்லை மச்சான். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு திரும்பவும் சிதம்பரம் போனேன். உன் கூடத்திலேயே மாட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நீ எனக்கென்று போடும் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கேயும் வலது பக்கம்தான்.

"கலா, பெட்டி கெட்டுப்போச்சும்மா. நான்தான் கெடுத்துட்டேன்."

கலா சமையல்கட்டிலிருந்து வந்தாள். சிறிது நேரம் கேட்டுவிட்டு, பெட்டிக்கு முன்னால் குனிந்து இடது குமிழை மட்டும் திருப்பினாள். டக், டக், டக். மூன்று கிளிக். பாடுகிறவள் நகர்ந்து வந்து நடுவில் நின்றாள்.

"என்னம்மா பண்ண?"

"நீ வந்தா இப்பிடித்தாண்ணே வெப்பாரு. நீ பஸ் ஏறினதும் பழையபடி எறக்கிடுவாரு."

"எத்தினி நாளா?"

"நீ சண்ட போட்டுட்டுப் போனியே, அப்பலேர்ந்து."

எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சண்டை உனக்கும் மறந்திருக்காது. பிச்சாவரத்தில் படகுக்கு நின்றபோது நீ என் இடது பக்கமிருந்து கூப்பிட்டாயாம், நான் திரும்பவில்லையாம். "ஒரு வாட்டி காதக் காட்டிட்டு வா மச்சான். அந்த மிஷின் சத்தத்துல இருந்திருந்து உனக்கு எடது பக்கம் கேக்கல" என்றாய். "என்ன செவிடன்னு சொல்றியா?" என்று கத்திவிட்டு, படகிலும் ஏறாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்து மாதம் உன் வாசல் மிதிக்கவில்லை. திரும்பி வந்தபோது நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. சிடி போடும்போது நீ பெட்டியை மறைத்தபடி நிற்பாய். நடு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, சமையல்கட்டு ஓரத்து பெஞ்சில் போய் உட்காருவாய். அன்றைக்கே அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே என் நல்ல காதுதான் ஸ்பீக்கர் பக்கம் இருந்தது. இடது ஸ்பீக்கர் மட்டும் காதில் அறைந்தது, மற்றது எங்கோ முனகியது. இப்படியா மச்சான் எட்டு வருஷம் பாட்டுக் கேட்டாய்? பெட்டி பெட்டி என்று நான் புகழ்ந்தபோதெல்லாம் எப்படிச் சிரிக்காமல் இருந்தாய்?

அப்போதும் அழுகை வரவில்லை. கலா அழுதாள். நான் பாட்டு முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வரும் வியாழக்கிழமைக்கு காது டாக்டரிடம் பேர் கொடுத்திருக்கிறேன். கேட்கிற மெஷின் மாட்டிக்கொள் என்றால் மாட்டிக்கொள்வேன், சண்டை போடமாட்டேன்.

இன்னொன்று. அந்த நடு நாற்காலியில் கலா ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறாளா? எனக்கு டீ போட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை டீ நான் போடுகிறேன். அவளை அதில் உட்காரவைத்து, இரண்டு குமிழையும் பன்னிரண்டில் வைப்பேன். பாட்டு எனக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும். உன் பெஞ்சில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பிச்சாவரத்தில் விட்டுவிட்டு வந்த மச்சான்,
ஏழுமலை