கண்ணுக்குத் தெரியாத கிளிப்

சுரபாயா
ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

கோமாங் எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? அண்ணனும் பிள்ளைகளும் நலமா?

போனை விட்டுவிட்டுக் கடுதாசி போடுகிறாளே, இவளுக்கு என்ன கேடு என்று நினைப்பீர்கள். உங்கள் போனுக்கு எதை அனுப்பினாலும் உங்கள் சின்னவன் வீடே கேட்கும்படி படித்துக்காட்டுவான். அதனால்தான் உங்கள் சந்தைக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சிரிக்கக் கூடாது. நான் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறேன். கம்பி இல்லை, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. அலைனர் என்கிறார்கள். மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று. தின்னும்போது மட்டும் கழற்றலாம், மற்ற நேரமெல்லாம் வாயிலேயே கிடக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாது என்று சொல்லித்தான் டாக்டர் என்னைச் சம்மதிக்க வைத்தார். எனக்கோ பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸே என் வாயைப் பார்ப்பது போல இருக்கிறது. பேசினால் நாக்கு வேறு குழறுகிறது. போனை எடுக்காததற்கு அதுதான் காரணம்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பீர்கள். ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவன், "அக்கா, வாயை மூடிக்கிட்டே சிரிங்க, அதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றான். நல்லபடியாகத்தான் சொன்னான். நான் அறைக்கு வந்து அழுதேன், அண்ணி. நாற்பதைத் தொடப்போகிறேன். இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டுதானே சிரித்தேன், அதையும் ஒருத்தன் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அண்ணனுக்கும் வேண்டாம், அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. 'கல்யாணம் காட்சி இல்லாதவ, யாருக்குக் காட்ட இந்த வயசுல பல்லைச் சரி பண்றா' என்று பேசுவார்கள். எனக்காகக் கோயிலில் நின்று சத்தியம் செய்யுங்கள்.

உங்கள்
கோமாங்


பாங்லி
பாலித் தீவு
பிப்ரவரி 9

அன்புக் கோமாங்,

கடிதம் கிடைத்தது. சிரிக்காதே என்று எழுதினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பூ வாங்க வந்தவள் என்னைப் பார்த்து, "என்னடி, காதல் கடுதாசியா?" என்று கேட்டுவிட்டாள். போகட்டும். நீ கேட்டபடி கோயிலில் நின்று சத்தியம் செய்துவிட்டேன், யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். பல் நேரானதும் முதல் சிரிப்பு எனக்குத்தான்.

ஆனால் இங்கே வேறொரு கதை நடக்கிறது. மாமா உனக்குப் பல் அராவும் சடங்கை இந்த வருஷமே முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறார். உன் அண்ணனுக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் அராவிய அன்றைக்கு நீ தூரமாகிப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாய். அப்புறம் அத்தை போய்விட்டார், உன் காரியம் அப்படியே நின்றுபோனது. அது இவர் மனதில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் ஒரே பேச்சுதான்.

"பெத்தவன் செய்ய வேண்டியதுல இது ஒண்ணுதான் பாக்கி, லூ. மேல்வரிசை ஆறு பல்லையும் அராவி, உள்ளே இருக்கிற காமம், கோபம்னு ஆறு எதிரியையும் அடக்கி விடாம பொண்ணை விட்டுட்டுப் போனா, மேலே இருக்கிற என் அப்பன் ஆத்தா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்கிறார். சொல்லும்போதே மூச்சு இரைக்கிறது.

அங்கே டாக்டர் உன் பல்லை இழுக்கிறார், இங்கே மாமா அரத்தைத் தேடுகிறார். உன் வாய்க்கு வந்த யோகத்தைப் பார்! ஜூலையில் நல்ல நாள் இருக்கிறதாம். டாக்டரிடம் கேட்டு எழுது.

அண்ணி
லூ சுவார்த்தினி


சுரபாயா
மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

டாக்டரிடம் கேட்டேன். கூடவே கூடாதாம். உறை நழுவாமல் இருக்கக் கோரைப்பல் மேல் பல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடு ஒட்டியிருக்கிறார்கள். பல்லை அராவினால் அந்த மேடும் போகும், உறையும் பொருந்தாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். "அவசரம்னா என்ன பண்றது, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

அதைக்கூட விடுங்கள். சடங்கில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மல்லாக்கப் படுக்கவைத்து வாயைத் திறக்கச் சொல்வார்கள். சித்தி, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் மேலே கவிழ்ந்து பார்ப்பார்கள். 'இந்தப் பல்லை இன்னும் கொஞ்சம் அராவுங்க', 'அது என்ன வெள்ளையா ஒட்டியிருக்கு?' அண்ணி, என்னால் முடியாது. எனக்கு லீவு இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம், ஆபீஸில் பகலில் யாரும் தின்பதில்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதி! மற்ற மாதங்களில் மதியம் சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று ஏதாவது பொய் சொல்ல வேண்டும். இவர்கள் எதிரில் உறையைக் கழற்ற மனசு வராமல் நானும் பகலில் பட்டினிதான். போன வாரம் நம் பக்கத்து வீட்டு நெங்காவின் மனைவி இங்கே இருக்கும் தன் மகனைப் பார்க்க வந்தவள் ஆபீஸுக்கும் வந்தாள். அரிசிப் பலகாரம் கொண்டுவந்து, "ஒண்ணு வாயில போடுடி, ஊர் ருசி" என்று ஒரே கட்டாயம். நான் கையால் வாயை மூடிக்கொண்டு, "இப்ப வேண்டாம் அக்கா, பொழுது சாயட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். பாவம், மனசு நொந்திருக்கும். நீங்கள் ஏதாவது சமாதானம் சொல்லிவையுங்கள்.

உங்கள்
கோமாங்


பாங்லி
ஏப்ரல் 6

கோமாங்,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. நெங்காவின் பெண்டாட்டி வந்து குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மாமா கட்டிலில் சாய்ந்திருக்கும்போதே சொன்னாள்: "உங்க பொண்ணு நோன்பு இருக்கா. நான் ஊட்டிவிடாத குறை, தொட மாட்டேன்னுட்டா. பொழுது சாயணுமாம். அந்தப் பக்கம் யாரையோ பார்த்துட்டா போல, மதம் மாறிட்டான்னுதான் தோணுது."

நான் விளக்குமாற்றை எடுக்காத குறையாக அவளை அனுப்பினேன். அதற்குள் அது மாமாவின் காதுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் கஞ்சி கொடுக்கும்போது கேட்டார்: "லூ, லீவு இல்லேன்னு சொல்றது நெஜமா? பல்லு அராவ வர மாட்டேங்குறாளே, அதுக்கு இதுதான் காரணமா?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சாமி முன்னால் சத்தியம் செய்து தொலைத்தேனே! "இல்லே மாமா, வேலை ஜாஸ்தி" என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியும்.

கலுங்கான் பண்டிகைக்கு வந்துவிடு. சடங்கைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் பன்றிக்கறி அள்ளித் தின்றால் போதும், நெங்கா பெண்டாட்டியின் கதை அங்கேயே செத்துவிடும். உறையைக் கிணற்றடியில் போய்க் கழற்றிவிட்டு வா, யார் பார்க்கப் போகிறார்கள்? வா, என் தங்கமே.

அண்ணி


சுரபாயா
ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். நானா? என்னை யார் பார்த்தார்கள், நான் யாருக்காக மாற! வந்து கேட்கக்கூட ஒருத்தன் இல்லை. பிறகு அப்பா உங்கள் முகத்தைப் பார்த்தார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் சிரிப்பு போய்விட்டது.

ஆனாலும் பண்டிகைக்கு வர முடியாது. திட்டாதீர்கள். பல்லை நகர்த்துவதில் முன்னால் நடுவில் சந்து விழுந்திருக்கிறது. அது பாதி வழியில் அப்படித்தான் இருக்கும், பிறகு மூடிவிடும் என்கிறார் டாக்டர். இப்போது முன்னைவிட அசிங்கமாக இருக்கிறேன். பண்டிகை என்றால் வீடு நிறையச் சொந்தம், ஓயாமல் தீனி. ஒவ்வொரு தடவையும் கிணற்றடிக்கு ஓடி, எச்சில் வடிய உறையைக் கழற்றி, கழுவி, மாட்டி... யாராவது பின்னாலேயே வந்து, "என்னடி பல்செட்டா?" என்று கேட்டால் நான் செத்தேன்.

செப்டம்பரில் முடிந்துவிடும். நேராக அப்பாவிடம் வந்து வாயைத் திறந்து காட்டி, இதுக்குத்தான்ப்பா என்று நானே சொல்கிறேன். அதுவரை காப்பாற்றுங்கள். அவருக்கு என்மேல் நம்பிக்கை இருக்கும். நெங்கா மனைவி சொன்னதை அப்பா நம்பிவிடுவாரா?

உங்கள்
கோமாங்


பாங்லி
மே 18

கோமாங்,

நம்பிவிட்டார்.

பண்டிகை அன்று வாசல் மூங்கில் தோரணத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். மினிபஸ் வரும் நேரமெல்லாம் அங்கேயே இருந்தார். உன் பங்குக் கறியை இலையில் கட்டி எடுத்துவைக்கச் சொன்னார். கடைசி பஸ்ஸும் போன பிறகு, "எடுத்து நாய்க்குப் போடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன வாரம் புரோகிதர் ஜூலைச் சடங்குக்குப் பேர் எழுத வந்தார். பெரியப்பா வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் நடக்கிறது. மாமா உன் பேரைச் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார். உன் அண்ணன் கத்தினார். மாமா, "விடுடா. அந்தச் சனத்துலயும் நல்லவங்க இருக்காங்க. நம்ம மீன்காரர் எத்தனை வருஷமா நமக்குப் பழக்கம். போன இடத்துல நல்லா இருக்கட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இனிமேலும் என்ன, கோமாங்? ஒரு மனிதர் பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் மாதிரி படுத்திருக்கிறார், நீ சந்து விழுந்தது, மேடு ஒட்டியது என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். உனக்கு வெட்கம் பெரிதா, அவர் பெரிதா? என் சத்தியத்தை அவிழ்த்துவிடு. இல்லையென்றால் நாளைக்கே புறப்பட்டு வா. கால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது.

லூ


சுரபாயா
ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நீங்கள் திட்டியது போதாது.

சொல்லிவிடுங்கள். சத்தியத்தை அவிழ்த்துவிட்டேன், பாவம் என் தலையோடு போகட்டும். ஜூலைச் சடங்கில் என் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். மேடு போனால் போகட்டும், உறை குப்பைக்குப் போகட்டும். எல்லாரும் என் வாயைப் பார்க்கட்டும், அப்பா பக்கத்தில் இருந்தால் போதும். மாதக் கடைசியில் லீவு கிடைத்ததும் வருகிறேன்.

நானே போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். "அப்பா" என்று ஒரு தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். குழறலாக, வேறு யாரோ பேசுவது போல இருந்தது. வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். உங்களுக்குப் பொய் சொல்ல வராதே.

உங்கள்
கோமாங்


பாங்லி
ஜூலை 13

கோமாங்,

மாமாவின் எரியூட்டு முடிந்து நீ திரும்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, சொன்னீங்கதானே? அப்பா கேட்டாருதானே?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். நீ அழுதுகொண்டே, "அப்ப சரி" என்று ஏறிவிட்டாய். இத்தனை நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையாட்டியது பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். மீதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே கடையை மூடிவிட்டு ஓடிவந்து சொன்னேன். அவருக்கு நல்ல நினைவு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். உறையை, மேட்டை, போட்டோ எடுத்தவன் சொன்னதை, பகல் பட்டினியை, பண்டிகைக்கு ஏன் வரவில்லை என்பதை. உன் கடிதங்களைக் காட்டலாம் என்றால், நீ கேட்டபடி ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டிருந்தேன். கடைசிக் கடிதம் மட்டும் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன்.

அவர் முழுக்கக் கேட்டார். என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தார். சிரித்தார், கோமாங். "நீ நல்ல மருமக, லூ. அவளுக்காக இவ்வளவு தூரம் யோசிச்சிருக்கே. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சு எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு பல்லுக்காக எந்தப் பொண்ணாவது பெத்தவனைப் பார்க்க வராம இருப்பாளா?" என்றார்.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். உன் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் நம்பவில்லை. "நாற்பது வயசுப் பொம்பளைக்குக் கிளிப்பா? வேற கதை சொல்லு" என்றார்.

போவதற்கு முதல் நாள் மாமா என்னிடம் சொன்னது இது: "அந்தப் பையனை ஒரு தடவை கூட்டிட்டு வரச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பார்த்தா போதும்." நான் சரி என்றேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், திரும்ப வந்து உட்கார்ந்து பார்த்தேன். அந்த வரி எழுத வரவில்லை. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே, கோமாங்.

லூ