கோமதி அணைத்த கற்பூரம்

12.9.1985, வியாழன். விழுப்புரம்.

திண்டிவனம் கல்லூரியில் இந்த வாரம் ஓர் அமெரிக்க நாவல் நடத்துகிறேன். ஓடிவந்த அடிமை ஒருவனைக் காட்டிக்கொடுக்க ஒரு சின்னப் பையன் மறுக்கிறான். அது பாவம், நரகம்தான் கிடைக்கும் என்று ஊர் சொன்னதை முழுக்க நம்பிக்கொண்டே மறுக்கிறான். அந்த இடம் வந்தால் வகுப்பில் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டுவேன்.

இன்று காலை எதிர்வீட்டுச் செல்வி எங்கள் விறகறையில் ஒளிந்திருந்தாள். சாதி மீறிக் காலனிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அவள் சித்தப்பா நாலு பேரோடு வந்து வாசலில் நின்றார்.

"கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க, போயிடறோம்" என்றார்.

என் மனைவி கோமதிதான் முன்னால் வந்தாள். "அவ இங்க வரலீங்க" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அவர்கள் போய்விட்டார்கள். மத்தியானம் தன் புடவையைச் செல்விக்குக் கட்டிவிட்டு அவளைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினாள். போய்ச் சேர்ந்தாளா என்று இன்னும் தெரியவில்லை.

பொய்ச் சத்தியம் குடும்பத்தையே அழிக்கும் என்று நம்புகிறவள் கோமதி. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பேசாமல் நின்றவன் நான்தான்.

சற்றுமுன் அவள் கைக் கொப்புளத்துக்கு மருந்து தடவினேன். தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போய்விடுகிற அந்தப் பையனின் கதையைச் சொன்னேன். "நீ அவனைவிடப் பெரியவள்" என்றேன்.

"அவனுக்கு என்னாங்க, ஆறு இருந்துது, தெப்பம் இருந்துது, போய்க்கினே இருந்தான்" என்றாள். "நான் காலைல அவங்க வீட்டுக்கு எதுத்தாப்புல கோலம் போடணும்."