கேசட்டுக்குள் இருந்த கோல்

அப்பா,

இன்று காலை ஒரு கல்யாணக் கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும், பூஞ்சையும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அதைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு என்னவோ நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது.

எல்லாரும் கைப்பேசியில் படம் பார்க்கிற காலத்தில் நான் பழைய வி.எச்.எஸ். வீடியோ கேசட் சேர்க்கக் கிளம்பினேன். வேலை பார்க்கும் ரிசார்ட்டில் விடுமுறை கிடைத்தால் போதும், உடுமலை வழியாகப் பஸ் ஏறிவிடுவேன். கோவிந்தாபுரத்தில் மூடிக்கிடந்த வீடியோ கடையிலிருந்து ஒருமுறை சாக்கு நிறையத் தூக்கி வந்தேன். "இந்த லயத்து ஒத்த ரூம்புல ஆளு படுக்கவே எடம் இல்ல, இதுல இந்த டப்பாவெல்லாம் எங்க வைப்ப?" என்று அம்மா கத்தினாள். நீங்களோ, ஃபாக்டரியில் ஒதுக்கிப் போட்டிருந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து, சுவரோரமாக அலமாரி ஒன்று அடித்துக் கொடுத்தீர்கள்.

கேசட்டை லேசாகத் தள்ளினால் மீதியைப் பிளேயர் தானே நம் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுமே, அந்த ஒரு நொடிக்காகவே எனக்கு அதன்மேல் பைத்தியம். அதோடு, வீட்டில் எடுத்த கேசட்டுகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவது பிரதி கிடையாது. பூஞ்சை தின்றுவிட்டால் அதிலிருக்கிற மனிதர்கள் இன்னொருமுறை நடக்கமாட்டார்கள்.

மூணாறில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் கடையைக் காலி செய்தபோது, ஈரம் பிடித்த ஓர் அட்டைப்பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டார். கேசட்டையே விழுங்கிக்கொள்ளும் பழைய தோள் காமிரா ஒன்றும் அதில் கிடந்தது. நீங்கள் திணறித் திணறி மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு கேசட்டாக எடுத்துப் பார்த்தீர்கள். அந்த வருஷம்தான் நெஞ்சுச் சளி உங்களை ஃபாக்டரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. திடீரென்று உங்கள் கை நின்றது. உறையில் மங்கிய மையில் 'எஸ்டேட் ஃபைனல்' என்று எழுதியிருந்தது.

"பாப்பா, இது அந்த மேட்ச்சு."

எந்த மேட்ச் என்று கேட்க வேண்டியதே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். நம் எஸ்டேட்டின் ஃபுட்பால் ஃபைனலில் நீங்கள் மேல் டிவிஷன். அம்மாவின் அண்ணன் கீழ் டிவிஷனின் கோல்கீப்பர். அவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். கடைசியில் நீங்கள் தலையால் முட்டிய பந்து மேல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. மாமா அதை வாரி எடுத்தார். கோல் இல்லை என்று ரெஃபரி கையை ஆட்டிவிட்டார். கோட்டைத் தாண்டித்தான் விழுந்தது என்று நீங்களும், தாண்டவில்லை என்று மாமாவும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மல்லுக்கட்டினீர்கள். அவர் தங்கையையே கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அது ஓயவில்லை. "பந்து பொய் சொல்லாது, எங்க மாப்ளதான் சொல்வாரு" என்று மாமா கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிப்பார். எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் அன்றைக்குச் சோறு சரியாக இறங்காது உங்களுக்கு. எனக்குத் தெரியும்.

கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தேன். நாடா முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. அப்படியே போட்டால் அறுந்துவிடும், பிளேயருக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் பாழாகும். சுருளை வெளியே எடுத்து, ஸ்பிரிட் நனைத்த துணிக்கு நடுவே சாண் சாணாக இழுத்துத் துடைத்து, நல்ல கூடு ஒன்றுக்கு மாற்றினேன். நடுவில் ஓரிடத்தில் நாடா கசங்கியிருந்தது. அந்த இடத்தை விரலால் நீவிவிட்டேன். "போனாப் போகுது பாப்பா, நீ மெதுவாப் பண்ணு" என்றீர்கள். உங்கள் கண் அப்படிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எஸ்டேட் கிளப்பில் போட்டோம். இரண்டு டிவிஷனும் வந்திருந்தது. மாமா முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். படத்தில் இளவட்டமாக நீங்கள் ஓடி வந்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரே கூச்சல். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கார்னர் பந்து வந்தது. நீங்கள் எழும்பினீர்கள். அப்போது பார்த்துத் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. அரங்கமே "அய்யோ" என்றது. நான் படத்தைச் சீராக்கும் டிராக்கிங்கைத் திருகினேன். கொஞ்சம் தெளிந்தது. பின்னால் சுற்றி மறுபடி விட்டு, பந்து விழுந்த இடத்தில் நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டே நின்றது.

வெள்ளைக் கோடு தெரிந்தது. மாமாவின் இரண்டு காலும் கோட்டுக்குப் பின்னால். பந்து அவர் காலடியில், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே.

மாமா எழுந்து போய் டிவி முன்னால் குந்தினார். விரலால் கோட்டைத் தொட்டார், பிறகு பந்தை.

"தாண்டித்தான் இருக்கு" என்றார். மேல் டிவிஷன் போட்ட கூச்சலை அந்தக் கிளப் அதற்குமுன் கேட்டதில்லை. அது அடங்கக் காத்திருந்து, "ஆனா மாப்ள, கோல் குடுத்தாலும் ஒண்ணுக்கு ஒண்ணு. டிராதான்" என்றார்.

நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். "அப்படின்னா ஆட்டம் இன்னும் முடியல மச்சான்."

உங்களை ஓடவிடக் கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டதால், ஒரே ஒரு பெனால்ட்டி என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிறு மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. மாமா பேரனின் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் காமிராவுக்கு பேட்டரி செத்துப் போயிருந்தது. கிளப் ஜன்னலிலிருந்து நீள வயர் இழுத்து அதை ஓடவைத்தேன். "நின்ன எடத்துலருந்து அடிங்க, ஓடாதீங்க!" என்று அம்மா ஓரத்திலிருந்து அதட்டினாள். நீங்கள் மூன்றே எட்டு வைத்தீர்கள். பந்து மாமாவின் இடது பக்கம், தரையோடு தரையாகப் போய் வலைக்குள் விழுந்தது.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். மாமா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "அந்தப் பெனால்ட்டிய ஒருவாட்டி போடு பாப்பா" என்பார். பார்த்து முடித்ததும், "ஒங்க அப்பா முடியாத மனுஷன், பாவம்னு நான்தான் விட்டுக்குடுத்தேன்" என்பார். நான் பின்னால் சுற்றி நிறுத்துவேன். திரையில் மாமா முழு நீளத்துக்குப் பாய்ந்து கிடப்பார், வாயெல்லாம் மண். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவர் போன பிறகு நான் மீதியையும் ஓட விடுவேன். அதில் ஆட்கள் யாரும் இல்லை. காமிராவைப் புல்லில் போட்டுவிட்டு நான் உங்களிடம் ஓடியிருக்கிறேன். சாய்ந்த புல்லும் கொஞ்சம் வானமும்தான் தெரிகின்றன. கூச்சலுக்கு நடுவே, மூச்சு வாங்க வாங்க உங்கள் குரல் மட்டும் கேட்கிறது: "பாத்தியா பாப்பா? பாத்தியா?"

பார்த்தேன் அப்பா.