சும்மா இருக்கும்போது ஆறு வாட்

இன்ஜினியரம்மா,

நீ வரவழைச்ச ரெண்டு குட்டிக் கம்ப்யூட்டரும் வந்தாச்சு. வீட்டுப் போட்டோவெல்லாம் சேர்த்து வைக்க, ஹால் டிவியில படம் ஓட்ட எது கரண்ட் கம்மியா இழுக்குதுன்னு பார்க்கச் சொன்னியே, மீட்டரை மாட்டிப் பார்த்துட்டேன். படம் ஓடும்போது ரெண்டும் பதினஞ்சு வாட். சும்மா இருக்கும்போது வெள்ளைப் பெட்டி பதினொண்ணு, கறுப்பு ஆறே ஆறு. கறுப்புல ஃபேனும் இல்ல, சத்தமே போடாது. நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு ஆள் தேவைதான்.

"சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னுதுன்னுதான் பார்க்கணும்"னு சொல்லிட்டு என் தட்டைப் பார்த்தியே, அதையும் கவனிச்சேன்.

பழைய பெரிய கம்ப்யூட்டர் பெட்டியை எடுத்துட்டுப் போக ஆறு மணிக்கு உன் தம்பி வருவான். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. துணியெல்லாம் மடிச்சுக் கட்டில்ல இருக்கு, தானா மடிஞ்சிருக்கும்போல.

"ஸ்கூல் லீவு, வேனும் ஓட்டல, வீட்ல சும்மாதானே இருக்கீங்க"ன்னு நேத்து சொன்னதுக்கு இன்னும் நான் பதில் சொல்லல. பெட்டி சும்மா இருக்குன்னா என்ன அர்த்தம்னு நீதான் விளக்கினே: "அணைஞ்சு போகலைங்க, கூப்பிட்டா உடனே எழுந்திரிக்கக் காத்துக்கிட்டு இருக்கு."

வேனுக்கு பிரேக் பார்க்க வொர்க்‌ஷாப் போறேன்.

— உன் வேன் டிரைவர்

பி.கு: கறுப்பை டிவிக்குப் பின்னாடி மாட்ட இன்னொரு கை வேணும். தனியா ஸ்டூல்ல ஏறாதே, போன் பண்ணு. ஒரே ரிங்ல எடுப்பேன். சும்மாதான் இருக்கேன்.