மலை மொச்சை பதினெட்டு

21.12.2009, திங்கள்

கடை திறந்தேன். கத்தரி ஜாஸ்தி, தக்காளி கம்மி. அவரை மூட்டையெல்லாம் பனியில் நனைந்து வந்தது.

தம்பி மைதீனுடைய போன் மேசை டிராயரில் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. தினமும் சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறேன். எதற்கு? தெரியவில்லை.

தம்பி போய் இருபது நாள். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்தான், அவ்வளவுதான். தெருவே அழுதது. எனக்கு வரவில்லை. மூன்றாம் நாள் லோடு வந்தது, எடை போட உட்கார்ந்துவிட்டேன்.

28.12.2009

உழவர் சந்தை அலுவலர் வழக்கம்போல் விடியுமுன் மண்டிக்கு வந்தார். எங்கள் மொத்த விலையைக் கேட்டு, மேலே கொஞ்சம் ஏற்றி, சந்தை போர்டில் எழுதுவார்கள். விவசாயி அதற்கு மேல் விற்கக் கூடாது. மற்ற காய்க்கு நாலு கடையில் கேட்பார். மலை மொச்சைக்கு மட்டும் நம்ம கடைதான். மைதீன்தான் கரியாலூர் மலைக்கு ஏறிப்போய்க் கொண்டுவருவான், வேறு யாரும் போவதில்லை.

"மலை மொச்சை, பாய்?"

"பதினெட்டு."

எழுதிக்கொண்டு போனார்.

2.1.2010

கடை, வீடு, தொழுகை. சோறு தின்றேன், என்ன சோறு என்று நினைவில்லை.

8.1.2010, வெள்ளி

நாளை மைதீனுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா. வீட்டுக்காரி ஷர்புன்னிசா காலையிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பிக்கு மொச்சக்கொட்ட போட்டு கறி ஆக்குனா தான் எறங்கும். மலை மொச்ச வாங்கிட்டு வாங்க." நம்ம கடையில் இல்லை என்றேன். "சந்தையில கீதாம். எதுத்த வூட்டு அத்தியா வாங்கியாந்தா."

ஜும்மாவுக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம் என்று உழவர் சந்தைக்குப் போனேன். திறந்து பத்து வருஷம் ஆகிறது, ஒரு நாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. நம்ம பிழைப்பில் கை வைத்த இடம். யாராவது பார்த்தால் கேலி செய்வார்கள் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். பனிக்குப் போட்டது போலவும் ஆச்சு.

மொச்சைக் கடையில் தள்ளுமுள்ளு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சமையலுக்கு வாங்கவில்லை, சாக்கோடு வந்திருக்கிறார்கள். வெளியே ரோட்டோரம் அதே காய் நாற்பது ரூபாய். போர்டைப் பார்த்தேன். மலை மொச்சை 22.

விற்றுக்கொண்டிருந்தவள் கரியாலூர் சின்னப்பொண்ணு, அடையாள அட்டையில் போட்டிருந்தது. என்னைத் தெரியாது அவளுக்கு.

"இன்னா பாய், பராக்கு பாத்துகினு நிக்கிற? எவ்ளோ?"

"ரெண்டு கிலோ. வெளிய நாப்பது விக்கிறாங்களே?"

"விக்கிறான், நம்ம காயத்தான். நம்ம கையால குடுத்தா இருவத்திரெண்டு, ரோட்டுல வச்சா நாப்பது. யாரோ மண்டிக்காரன் சொல்ற வெலையாம். ஒரு மாசமா கடியாரம் நின்னாப்புல ஒரே வெல. அவன் வூட்டுல மொச்ச துன்ன மாட்டாங்க போல."

பக்கத்துக் கீரைக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேனா? ஞாபகமில்லை.

"வருசா வருசம் மைதீன் பாய் மலைக்கே வருவாரு. ஒரு காயப் பொளந்து பாத்துட்டு வெல சொல்லுவாரு, நாயமா இருக்கும். இந்த வருசம் ஆளக் காணோம். போன் அடிச்சிகினே கீது, எடுக்கல. பொங்கலோட நம்ம பொழப்பு முடிஞ்சிடும் பாய். இந்த வெலைக்கே வித்தா அடுத்த வருசம் விதையே போட மாட்டேன்."

சொல்லியிருக்கலாம். நான் அவன் அண்ணன் என்று. அவன் இல்லை என்று. அந்த மண்டிக்காரன் நான்தான் என்று. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினெட்டு எங்கிருந்து வந்தது? ஜும்மாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிடிபட்டது. தம்பி போன டிசம்பர் ஒன்றாம் தேதி காலை, உள்ளேயிருந்து மைதீன் கத்தினான் — "மொச்ச பதினெட்டுன்னு சொல்லுண்ணே!" அவன் கடைசியாகச் சொன்ன விலை. அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பது வருஷ வியாபாரி நான். பொங்கல் வந்தால் மொச்சை ஏறும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

9.1.2010

"மலை மொச்சை, பாய்?"

வாய் தன்பாட்டுக்கு "பதி—" என்று போய்விட்டது. நிறுத்தினேன்.

"தெரியாது சார்."

பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். தெரியாது என்று இந்த மண்டியில் நான் சொன்னதே இல்லை.

"அப்ப ஒரு மாசமா சொன்னது?"

"என் தம்பி சொன்னது சார். தப்பு என்னோடது. நம்ம கடைக்கு மொச்சையே வரல. சங்கராபுரம் மண்டியில விசாரிச்சிப் பாருங்க."

பக்கத்துக் கடை பொன்னுரங்கம் காதில் விழுந்துவிட்டது. மத்தியானத்துக்குள் மண்டி முழுக்கப் பேசும். பேசட்டும். அலுவலர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று சங்கராபுரத்துக்குப் போன் போட்டார். முப்பது என்றார்கள்.

பாத்திஹா ஓதினார்கள். கறியும் மொச்சையும் நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். ஷர்புன்னிசா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

10.1.2010

போர்டில் 36. வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன்.

டிராயரில் போன் அடித்தது. 'கரியாலூர் மொச்சை' என்று பேர் வந்தது, சின்னப்பொண்ணுதான். எடுத்தேன்.

"அப்பாடா! இப்ப தான் எடுக்கத் தெரிஞ்சுதா மைதீன் பாய்? வெல ஏறிடுச்சு, பாத்தீங்களா?"

"நான் மைதீனோட அண்ணன்மா. அப்துல் ஜப்பார்."

சொன்னேன். எல்லாவற்றையும். பதினெட்டையும் சேர்த்து. அப்புறம், "நாப்பது நாளாச்சா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

கடைசியில் கேட்டாள்: "போகிக்கு முந்துன பறிப்பு கீது. யாரு வருவாங்க?"

12.1.2010, செவ்வாய்

கரியாலூர். வண்டியில் ஏறும்போது வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு வந்தது. இவன் எப்படி வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கினான்?

சின்னப்பொண்ணு ஒரு கூடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்தேன். பருப்பு பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். ருசி தெரிந்தது.

"முப்பத்தி ஒண்ணு."

"ஒரு ரூபா ஏத்துங்க. மைதீன் பாய் எப்பவும் ஏத்துவாரு."

மைதீன் ஏற்ற மாட்டான். என்னை விடக் கெட்டி அவன். அவளுக்கும் அது தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏற்றினேன்.

நாளைக் காலை அலுவலர் கேட்டால், மொச்சை என்ன விலை என்று எனக்குத் தெரியும்.